பறவைப் பாறைக்கு லாஞ்சு ஓட்டியவன் எழுதுவது

1

ஆறு மாதத்துக்கு முந்தைய கப்பலில் எனக்கு ஒரு பத்திரிகை வந்தது. தென்காசியில் அச்சாகும் பத்திரிகை. தென்காசி ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் என் மாமன் மகன் அனுப்பியிருந்தான். ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் மலாய் நாட்டுப் பறவைப் பாறையைப் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. எழுதியவர் எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுக் குற்றாலிங்கம்.

"கடல் நடுவே இயற்கை எழுப்பிய கோபுரம்" என்று ஆரம்பித்திருந்தார். வெண்பறவைகள் தம் தலைக்கு மேலே பூமாரி பொழிவதுபோல் வட்டமிட்டன என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் என்னையும் சேர்த்திருந்தார், பெயர் இல்லாமல். "நம் பக்கத்து ஆள் ஒருவன் லாஞ்சு ஓட்டினான். அக்கரைக்குப் போயும் பழைய விசுவாசம் மாறாதவன். என் கால் நோகக் கூடாதென்று முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பாறையைக் காட்டினான்."

முதுகில் சுமந்தது உண்மை. மற்றதெல்லாம் பொய்.

நான்தான் அந்த ஆள். என் பெயர் மாடசாமி. மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வாய்க்கால் ஓரத்தில் உள்ள குடியிருப்பில் பிறந்தவன். இந்தத் துறைமுக ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பத்து வருஷம் துறைமுக ஆபீஸ் லாஞ்சில் வேலை பார்த்தேன். முதலில் கயிறு பிடித்தேன், பிறகு லாஞ்சை நடத்தும் செராங் ஆனேன். இப்போது கயிற்றுக் கிடங்கில் இருக்கிறேன். ஏன் கிடங்குக்கு வந்தேன் என்பதையும் சொல்கிறேன்.

எழுதப் படிக்க இங்கே வந்துதான் கற்றேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார். நடையில் பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம், திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை அதே பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. போடுகிற பத்திரிகை எது என்று பார்த்து அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

2

முதலில் பாறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கரையிலிருந்து லாஞ்சில் முக்கால் மணி நேரம். மலாய்க்காரர்கள் அதைப் பத்து பூரோங் என்பார்கள். பத்து என்றால் கல், பூரோங் என்றால் பறவை. இரண்டு கருங்கல் தூண்கள் கடலிலிருந்து எழுந்து, உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஒரு வாசல் விட்டு நிற்கின்றன. அலை அந்த வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் போய் உடைகிறது. காலை வெயில் வாசல் வழியாக விழும்போது தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் வாய் பிளந்துதான் நிற்பார்கள். கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பறவை எச்சம் பாறை முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் காய்ந்து கிடக்கும். தூறல் விழுந்தால் அது சோப்புக் குழம்பாக மாறிவிடும்.

பறவைகள் ஆலா இனம். நம் ஊர்க் குளங்களில் மீனுக்குப் பாயுமே, அதற்கு உறவு. பிளந்த வால், தலையில் கறுப்புக் குல்லா. கூடு கட்டுவதில்லை. வெறுங்கல்லில் ஒரு குழிவு பார்த்து முட்டை வைக்கும். முட்டையும் கல்லின் நிறந்தான். அதன்மேல் தாயும் தகப்பனும் மாறி மாறி உட்காருவது சூட்டுக்காக அல்ல, நிழலுக்காக. கொஞ்ச நேரம் எழுந்து போனால் வெயில் முட்டையை வேகவைத்துவிடும். அதனால்தான் கிட்டே வருகிறவனை அவை சும்மா விடுவதில்லை. உயரத்திலிருந்து விழுந்து தலையைக் கொத்தும்.

பாறை உச்சியில் கப்பல்களுக்கு ஒரு விளக்கு உண்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் ஊற்றிக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். நானும் எஞ்சின்காரன் ஹசனும் போவோம். ஏணியிலிருந்து உச்சி வரை ஹசனின் மாமனார் காலத்தில் போட்ட சிவப்புப் பெயிண்ட் அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் மட்டும் கால் வைத்தால் முட்டை உடையாது. தலையில் பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஏறுவோம். கூடையில் டப் டப் என்று கொத்து விழும்.

சனிக்கிழமை என்றால் என் மகளும் லாஞ்சில் வருவாள். பூவம்மாள், பதினொரு வயது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். பூ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, அங்கே அவளுக்கு ஃபுளோரா என்று பேர் வைத்துவிட்டார்கள். பாறையில் இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. லாஞ்சில் உட்கார்ந்து எந்தத் திட்டில் எத்தனை பறவை என்று நோட்டில் எழுதுவாள், இங்கிலீஷில். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அம்மா, ரெண்டு தெலோர் பெச்சா ஆயிடுச்சு" என்பாள். தெலோர் முட்டை, பெச்சா உடைந்தது, மூன்றாவது சொல் மட்டும் தமிழ்.

என் மனைவி இசக்கியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள். "ஏட்டி, இந்தப் பேச்சைப் பேசிக்கிட்டு ஊருக்குப் போனா ஒன்னைய எவ வீட்டுக்குள்ள சேப்பா?"

"நான் ஊருக்கு வரல" என்பாள் மகள். சண்டைக்கும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. பள்ளியில் ஆஜர் சொல்வதுபோல் சொல்வாள்.

அவளை ஊருக்குக் கூட்டிப்போகும் எண்ணம் எனக்கும் இருந்ததில்லை. அதை இசக்கியிடம் சொன்னதில்லை.

3

குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கே குளித்தவர்கள். நான் அங்கே சுமை கொண்டுபோனவன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் பண்ணை வீட்டார் பத்து நாள் குற்றாலத்தில் வந்து தங்குவார்கள். அரிசி, எண்ணெய் டின், பாத்திரம், படுக்கை எல்லாம் எங்கள் தலையில் வரும். அவர்கள் அருவிக்குப் போகும்போது மாற்றுத் துணியும் சிகைக்காய்ப் பொடியும் எடுத்துக்கொண்டு கூடவே போவோம். அவர்கள் குளித்து முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். சாரல் எங்கள் மேலும் விழும். அதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை.

எனக்கு அப்போது பதினேழு வயது. என் தங்கை பேச்சிக்கு ஒன்பது. அன்று காலையிலிருந்து தலையில் வெங்கலப் பானை வைத்து நடந்தவள் அவள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. பானையை இறக்கி வைத்துவிட்டு அருவியின் ஓரமாகப் போய்த் தலையை நீட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

குற்றாலிங்கம் கல்லில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். "ஏட்டி!" என்று ஒரு சத்தம். கையில் இருந்த செம்பை எறிந்தார். அது பேச்சியின் தோளில் பட்டது. அவள் திரும்பினாள், பாசியில் கால் வழுக்கியது. கீழ்ப்பாறையில் போய் விழுந்தாள். இடது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. முன்பல் இரண்டு போனது.

என் அப்பா ஓடிப்போனார். அவளைத் தூக்குவதற்கு முன்னால் குற்றாலிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "பிள்ளை தெரியாம செஞ்சுட்டா சாமி" என்றார். பிறகுதான் தூக்கினார். என்னால் மறக்க முடியாதது செம்பு இல்லை, அந்தக் கும்பிடுதான்.

தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றோம். சாயந்திரம் சுமையெல்லாம் தங்கும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு போங்கள் என்றார்கள். சாயந்திரத்துக்குள் கை பானைபோல் வீங்கிவிட்டது. அம்மா மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். கை சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. இத்தனை வருஷமும் பேச்சி அந்தக் கையோடுதான் நாற்று நட்டாள், அதே பண்ணை வயலில்.

அடுத்த வருஷம் ஆள் பிடிக்க வந்த கங்காணியிடம் நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். அவன் என்னை ஏமாற்றியதாக ஊரில் சொன்னார்களாம். யாரும் ஏமாற்றவில்லை.

4

குற்றாலிங்கம் இந்த ஊருக்கு வந்தது போன ஆனி மாதம். ஒரு தமிழ்க் கடை முதலாளி வீட்டில் விருந்தாளி. கோயில் பார்த்தார், ரப்பர்த் தோட்டம் பார்த்தார். பாறையைப் பற்றிக் கேள்விப்பட்டு அதையும் பார்க்க வேண்டும் என்றார். அங்கே போகும் லாஞ்சின் செராங் தென்காசிப் பக்கத்து ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு கடைச் சிப்பந்தியை அனுப்பிக் கூப்பிட்டார். உடம்பு பெருத்திருந்தது, முன்மண்டையில் முடி இல்லை. ஆனால் குரல் மாறவில்லை.

"ஏலே, நீ சுடலை மவன் மாடன்லா?"

"ஆமா சார்" என்றேன்.

"சாரா? இங்கன வந்து அதெல்லாம் படிச்சிட்டியோலே?" என்று சிரித்தார். "அந்தப் பறவைப் பாறைக்கு என்னையக் கூட்டிட்டுப் போணும். நாளைக்கே."

நாளைக்கே என்பது இங்கே நடக்காது. சீமையில் சண்டை மூண்டதிலிருந்து விளக்கு இருக்கும் எந்த இடத்துக்கும் ஆபீஸ் காகிதம் வேண்டும். அவரைத் துறைமுக ஆபீஸுக்கு வரச் சொன்னேன். கடை முதலாளியின் சிபாரிசால் வெள்ளைக்கார அதிகாரி சம்மதித்தார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போகும் லாஞ்சில் ஏறிப் போகலாம், பாறையில் இறங்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதினார். மீதி விவரத்தை மலாய்க் கிராணியிடம், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவிடம், சொல்லிப் பதிய வேண்டும்.

மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்திருந்தார்கள். குற்றாலிங்கம் ஒரு சின்ன மலாய் வாசகப் புத்தகம் வைத்திருந்தார். "நானே பேசிக்கிடுதேன். ஒன் தயவு வேண்டாம்லே" என்றார்.

கிராணி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டான். பூரோங் பார்க்க என்று சொல்ல வேண்டியதை அவர் பாராங் பார்க்க என்றார். பாராங் என்றால் சரக்கு. கிராணி பேனாவைக் கீழே வைத்தான். கடலில் யாரும் இல்லாத பாறையில் என்ன சரக்கு என்று கேட்டான். இவர் தலையை ஆட்டி, நிறையப் பாராங், வெள்ளைப் பாராங் என்றார். அபினி என்று நினைத்துவிட்டார்கள். சுங்கக்காரர்கள் வந்தார்கள். கடை வீட்டிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வேட்டி, திருநீற்றுப் பை, மிளகாய்ப் பொடி டப்பா எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினார்கள். மத்தியானம் தாண்டியும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் சொன்னால் போதும், முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவர் தயவு வேண்டாம் என்று சொல்லியிருந்தார் அல்லவா.

5

சரக்கு ஒன்றும் இல்லை என்று கண்டு ஆபீஸில் பதிந்து கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை. லாஞ்சில் ஏற ஹசன் கை கொடுத்தான், அவர் பிடித்து ஏறினார். நான் கை நீட்டவில்லை.

பூவம்மாள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் விட்டு, "வாங்க மாமா, இங்க உக்காருங்க. தண்ணி தெறிக்காது" என்றாள். பெரியவர்களை எல்லாம் அங்கிள் என்று கூப்பிடப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் மாமா என்று மாற்றிக்கொள்வாள்.

அவர் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"யாருலே இது?"

"என் மக."

"மாமாங்குதா?"

"ஆமா."

"என்னன்னு கூப்பிடணும்னு சொல்லிக் குடுக்கல நீ?"

"என்னன்னு கூப்பிடணும் சார்?"

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் தண்ணீரை வெள்ளிக் கூஜாவில் கொண்டுவந்திருந்தார். முனையைத் தாண்டியதும் அலை கூடிற்று. அவர் பிடிமானம் தேடி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். கூஜா உருண்டு போய்க் கடலில் விழுந்தது. பூவம்மாள் தன் பள்ளித் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "வேண்டாம்" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள், நாற்றம் அடிக்கிறதோ என்று.

அப்போதே லாஞ்சைத் திருப்பியிருக்க வேண்டும் என்று இசக்கி இன்றும் சொல்கிறாள்.

6

ஏணியருகே லாஞ்சை அணைத்ததும் அவரிடம் சொன்னேன். "சார், நீங்க இறங்கக் கூடாது. காயிதத்துல எழுதியிருக்கு. முட்டை வச்சிருக்கிற நேரம். கல்லும் வழுக்கும்."

"நீ இறங்குதேல்லா?"

"எனக்கு வேலை."

"நீ கால் வைக்கிற எடத்துல நான் கால் வைக்கக் கூடாதோ?"

இதைக் கேட்கும்போது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஹசனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடையைக் கவிழ்த்துக்கொண்டு எண்ணெய் டின்னோடு ஏறினேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "துவான்! துவான்!" என்று ஹசன் அவரை ஐயா போட்டுக் கத்துவது கேட்டது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பாறையில் இருந்த அத்தனை பறவையும் ஒன்றாக எழுந்தால் வருகிற சத்தத்தில் கிட்டே நின்று கத்தினால்தான் ஏதாவது கேட்கும்.

குற்றாலிங்கம் ஏணியைத் தாவிப் பிடித்து ஏறிவிட்டார். சிவப்பு அடையாளத்தை விட்டு விலகி, வாசலைப் பார்க்க நேராக நடந்தார். பூட்ஸுக்கு அடியில் முட்டைகள் உடைந்துகொண்டே வந்தன. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பறவைகள் விழுந்து கொத்த ஆரம்பித்ததும் கைத்தடியைச் சுழற்றினார். ஒரு பறவை அடிபட்டுச் சிறகு தொங்க, கல்லிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. தலைப்பாகை அவிழ்ந்து போயிற்று. அந்த வழுக்கை மண்டையில் கொத்து விழுந்து நெற்றியில் ரத்தம் வழிந்தது. திரும்பி ஓடப் பார்த்தார், வழுக்கியது.

ஓர் ஆள் உயரத்துக்குமேல் சறுக்கிப்போய், வாசலுக்கு நேர் மேலே விளிம்பில் நின்றார். நின்றார் என்று சொல்லக் கூடாது. ஒரு கால் வெடிப்பில் மாட்டியிருந்தது. இரண்டு கையும் ஒரு கல்முனையைப் பிடித்திருந்தன. கீழே கடல் வாசலுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அவருக்கு மேலே வந்து நின்றேன். இடுப்பில் கயிறு இருந்தது.

"ஏலே மாடா! கையக் குடுலே!"

நான் நின்றேன்.

"என்னத்தலே பாக்கே? காலு போச்சுலே, கையக் குடு!"

"பேச்சியத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"எந்தப் பேச்சி?"

"குத்தாலத்துல. செம்பை விட்டு எறிஞ்சீங்கள்லா. ஒம்பது வயசுப் பிள்ள. கை ஒடிஞ்சுதே."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். அந்த நிலையிலும் யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லலே. சத்தியமா இல்ல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக அவர் என்ன பதில் சொல்வார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை என்பார், தப்பு அவள்மேல் என்பார், மன்னிப்புக்கூடக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஞாபகம் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அரைப் பீடி நேரம் என்று ஹசன் சொல்கிறான்.

"அப்பா!"

பூவம்மாள் ஏணி ஏறி வந்திருந்தாள். வெறுங்காலோடு, ஹசனின் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சிவப்பு அடையாளத்தில் மட்டும் கால் வைத்து வந்தாள். "அப்பா, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? தோலோங் அப்பா, தோலோங்! விழப் போறாங்க!" உதவி என்பதற்கு அவளுக்கு மலாய்ச் சொல்தான் வந்தது. என்னைத் தாண்டிப் போய், விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கை எட்டவில்லை. அவர் ஒரு கையை விட்டு அதைப் பிடிக்கத் துழாவினார். பிடித்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள்.

அவளைக் காலைப் பிடித்து இழுத்துவிட்டுக் கயிற்றை எறிந்தேன். என் மகள் விழக் கூடாது என்றுதான் எறிந்தேன். விசுவாசம் என்று அவர் அச்சில் போட்டிருப்பது இதைத்தான்.

கணுக்கால் முறிந்திருந்தது. முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அரிசி மூட்டையைவிடக் கனம். பறவைகள் அவரையும் கொத்தின, என்னையும் கொத்தின. சிறகொடிந்த பறவையைப் பூவம்மாள் காட்டி, "அது?" என்றாள். ஹசன் ஏறிப்போய் அதன் கழுத்தைத் திருகிவிட்டு வந்தான். அவள் அழவில்லை. நோட்டைத் திறக்கவும் இல்லை. நாங்கள் விலகி வெகுதூரம் வந்த பிறகும் பறவைகள் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பாதி வழியில் குற்றாலிங்கம், "ஏட்டி, அந்தத் தண்ணியத் தா" என்றார். புட்டியை வாயில் வைத்து முழுவதும் குடித்தார்.

படகுத்துறை தெரிந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "மாடா, தண்ணி குடிச்சத ஊருக்கு எழுதிராத."

"காலு?"

"காலப் பத்தி நான் சொல்லிக்கிடுதேன்."

7

சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே ஆபீஸுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், செராங் அழைத்ததால் இறங்கினேன் என்று. அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று நிலச்சுவான்தார் எழுதியது, மற்றது லாஞ்சுக்காரன் எழுதியது. ஹசன் சாட்சி சொன்னான். அவனும் லாஞ்சுக்காரன் என்பதால் அது மூன்றாவது காகிதம் ஆகவில்லை.

ஒரே விஷயத்தை மூன்று ஃபாரத்தில் எழுதச் சொன்னார்கள். மூன்றிலும் காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று கிராணி முன்னாலேயே டைப் அடித்து வைத்திருந்தான். கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் வேலையே இல்லை. மறுநாள் கயிற்றுக் கிடங்கு. ஜன்னல் இல்லாத இடம். கயிற்றின் தார் வாடை சோற்றுக் கையிலும் வருகிறது.

இசக்கி ஒரு வாரம் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுப் போனாள். பிறகு பேசியது இது: "பேச்சிக் கைய ஒடிச்சவன முதுகுல தூக்கிட்டு வந்திருக்கீக. அதுக்குச் சம்பளமாத்தான் இந்தக் கிடங்கு."

அந்தப் பருவத்தில் வாசல் பக்கத்துத் திட்டில் குஞ்சே இல்லை என்று ஹசன் வந்து சொன்னான்.

8

"பேச்சி யாரு அப்பா?" என்று பூவம்மாள் கேட்டாள். பாறையில் நான் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி விசாரணையிலும் அவள் வாய் திறக்கவில்லை.

அத்தை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை ஊரைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நெல், மழை, திருவிழா ஒன்றும் இல்லை. அவள் கேட்ட முதல் ஊர்க்கதை இதுதான். நடுவில் இங்கிலீஷோ மலாயோ கலக்காமல் கேட்டாள்.

முடித்ததும் கேட்டாள். "அப்ப ஏன் கயிற்றை எறிஞ்சீங்க? விட்டிருக்கலாம்ல?"

தோலோங் என்று கத்திய அதே பிள்ளை. குப்புறப் படுத்துக் கையை நீட்டிய அதே பிள்ளை. உனக்காகத்தான் எறிந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது அவள்மேல் பழி போடுவதாக ஆகிவிடும். "எனக்குத் தெரியல" என்றேன். அதுவும் உண்மைதான். அவள் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிடங்கில் கயிறு சுற்றும்போது தினமும் அந்த விளிம்பில்தான் நிற்கிறேன். ஒருநாள் எறிகிறேன், ஒருநாள் எறியவில்லை.

அவள் என்னை அப்படிக் கேட்டதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது, அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. ஊரிலிருந்து எதுவும் வேண்டாம் என்றவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எனக்குக் கோபம் கோபமாகத் தமிழ் எழுதிக் காட்டுகிறாள். அத்தைக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. திருத்தினால் சண்டைக்கு வருகிறாள்.

9

பத்திரிகையைப் படித்ததும் நான் பேச்சிக்கு எழுதினேன். நடந்ததை எழுதி, இதை அச்சில் போட நினைக்கிறேன், உனக்குக் கெடுதல் வருமென்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தேன். பண்ணை வயலை நம்பித்தான் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் இரண்டு மாதம் கழித்து வந்த கப்பலில் கிடைத்தது; அதற்குப் பிறகுதான் இதை எழுதி அனுப்பினேன். சண்டைக்காலம் என்பதால் உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத் தணிக்கைக்காரர்கள் மறுபடி பட்டை ஒட்டியிருந்தார்கள். பேச்சி சொல்லச் சொல்ல மாமன் மகன் எழுதியது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று ஓரத்தில் அவன் எழுதியிருக்கிறான். நான் படிக்க, பூவம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்த ஆளு வந்துட்டாரு. கம்ப ஊனித்தான் நடக்காரு. வெளியூர்ல மோட்டார் மோதிட்டுன்னு சொல்லுதாரு. காலுக்கு எண்ண போட்டு நீவணுமாம். நம்ம அம்மைக்கு நீவத் தெரியும்லா, அவ மக கையிலயும் அது இருக்கும்னு என்னையக் கூப்பிட்டு விட்டாங்க. கோணக் கையின்னாலும் பரவால்லையாம். நான் போகல. மறுபடியும் ஆள் வந்துச்சு. போகல. மூணாவது மட்டம் அவங்க வீட்டு ஆச்சியே வாய்க்கால் வரைக்கும் வந்து நின்னு கூப்பிட்டா. வரலன்னு சொல்லிட்டேன். இனிமே வயல்ல எறங்காதன்னுட்டாங்க. தென்காசிக்கு அந்தப் பக்கம் நடவு இருக்கு, நடந்து போயிக்கிடுதேன். நல்லாத்தான் இருக்கேன். நீ எழுதலாமான்னு கேட்டிருக்க. எழுது. யாரோ ஒரு பிள்ளன்னு எழுதாத. எம் பேரப் போட்டு எழுது."